க்யூட் (மத்தியப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு), கிளாட் (சட்டப் படிப்பு நுழைவுத் தேர்வு) ஆங்கிலத்துக்குப் படிக்கும்போது மனதில் நின்றுபோன ஒரு சந்திப்பு: எழுதுங்கள்

மேலூர்_பிளஸ்டூ:
மதுரை புது நத்தம் ரோடு கலைஞர் நூலகத்தில் நடந்தது. பழைய க்யூட் வினாத்தாள் ஒன்றைப் போட்டுக்கொண்டிருந்தேன். பாஸேஜ் படித்தாயிற்று. கேள்விக்கு வந்தால் நாலு விடையுமே சரி மாதிரி இருக்கும் இல்லையா, அதே எரிச்சல். எதிரே மகளோடு வந்திருந்த ஓர் அம்மா எழுந்து வந்து, நாலு ஆப்ஷனையும் மறைத்து உள்ளங்கையை என் தாளில் வைத்தார். விரலிடுக்கில் சாக்பீஸ் பொடி. டீச்சராகத்தான் இருக்க வேண்டும். "கேள்வியை மட்டும் படி தாயி. விடையைத் தமிழ்லயே சொல்லு" என்றார். சொன்னேன். கையை எடுத்தார். நான் சொன்னதற்குப் பக்கத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மற்ற மூன்றிலும் பாஸேஜில் வந்த சொற்களையே பொறுக்கிப் போட்டிருந்தார்கள், சொல்லவந்த விஷயம்தான் வேறு. அதற்குள் மகள் கூப்பிட, போய்விட்டார். அப்புறம் அவரை அங்கே பார்க்கவே இல்லை. இப்போதும் எந்தப் பாஸேஜ் எடுத்தாலும் முதலில் என் கைதான் ஆப்ஷன் மேல் போகிறது.

உசிலை_அண்ணன்:
தங்கச்சி, அது பாஸேஜுக்குச் சரி. வாக்கியங்களை வரிசைப்படுத்துவது, கோடிட்ட இடம், ஒத்த சொல், எதிர்ச்சொல் எல்லாம் வருமே, அங்கே மறைத்து என்ன செய்வது? என் கதை சின்னது. ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினேன், பக்கத்து சீட்டில் ஒரு காலேஜ் அண்ணன். நான் போட்டுக்கொண்டிருந்த வாக்கிய வரிசைக் கேள்விகளை எட்டிப் பார்த்துவிட்டு, "முதல் வாக்கியத்தைத் தேடாத தம்பி, ஒட்டுற ஜோடியைத் தேடு" என்றார். செக்கானூரணி வருவதற்குள் எல்லாக் கேள்வியிலும் ஜோடியைக் கோடு போட்டுக் காட்டிவிட்டார்.

படிக்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். 'ஹி', 'திஸ்', 'சச்' என்று தொடங்கும் வாக்கியம் பெரும்பாலும் முதலில் வராது. அது யாரை, எதைச் சுட்டுகிறதோ அந்த வாக்கியம் அதற்கு முன்னால் இருக்கும். 'ஹவ்எவர்' வந்தால் அதற்கு முந்தைய வாக்கியம் எதிர்த் திசையில் பேசியிருக்கும். 'எ' போட்டு அறிமுகமான பொருள் அடுத்த தடவை 'தி' போட்டு வரும். இலக்கணத்தில், 'ஒன் ஆஃப் தி' என்று எழுவாய் தொடங்கினால் அடுத்த பெயர் பன்மை, வினை ஒருமை. இதில் கவனமாக இருங்கள், நிறையப் பேர் பக்கத்தில் இருக்கும் பன்மையைப் பார்த்து வினையையும் பன்மையாக்கிவிடுகிறார்கள். 2025 க்யூட் ஆங்கிலத் தாளில் 50 கேள்வி, 60 நிமிடம், எல்லாமே கட்டாயம். சரியான விடைக்கு 5, தப்புக்கு 1 கழியும். ஆகவே இரண்டு ஆப்ஷனைத் தள்ளிவிட்டால் மீதியில் ஒன்றைத் தைரியமாகப் போடுங்கள். விட்டுவிட்டு வருவதுதான் நஷ்டம்.

திருமங்கலம்_அப்பா:
உசிலைத் தம்பி, கிளாட் எழுதுகிற பிள்ளைக்குக் கேள்வி அமைப்பே வேறு. 120 கேள்வி, 2 மணி நேரம், ஆங்கிலக் கேள்வி எல்லாம் சுமார் 450 வார்த்தைப் பத்தியிலிருந்துதான். ஒத்த சொல்லைத் தனியாக நிறுத்திக் கேட்பதில்லை. ஆனால் ஒரு பயிற்சி மையத்தில் என் மகள் கையில் தடிமனான சொற்பட்டியலைக் கொடுத்து மனப்பாடம் பண்ணச் சொன்னார்கள். எனக்குக் கோபமே வந்துவிட்டது.

நான் லேத் பட்டறை வைத்திருக்கிறேன், ஆங்கிலம் வராது. ராத்திரி சாப்பிட்டதும் இந்து பேப்பர் தலையங்கத்தை அவள் எனக்குத் தமிழில் சொல்ல வேண்டும், அதுதான் எங்கள் வீட்டுப் பயிற்சி. ஒரு நாள் நிலத்தடி நீர் பற்றி. கடகடவென்று சொல்லி முடித்தாள். "சரிம்மா, எழுதினவர் அரசாங்கம் செஞ்சது சரிங்கிறாரா, தப்புங்கிறாரா?" என்று கேட்டேன். பிள்ளைக்குப் பேச்சே வரவில்லை. திரும்பக் கடைசிப் பத்திக்குப் போய், வரி வரியாக விரல் வைத்துப் படித்தாள். ரொம்ப நேரம் கழித்து, "சரிங்கிறார்ப்பா, ஆனா அது போதாதுங்கிறார்" என்றாள். பின்னாடி பார்த்தால் மாதிரித் தேர்வு ஒவ்வொன்றிலும் இதே கேள்விதான் இருக்கிறது, ஆசிரியரின் நிலைப்பாடு என்ன என்று. அவள் அம்மாவுக்கு இதில் இன்னும் நம்பிக்கை வரவில்லை, டியூஷன் சேர்க்கச் சொல்கிறாள்.

மேலூர்_பிளஸ்டூ:
உசிலை அண்ணே, வரிசைப்படுத்துவதிலும் மறைக்கலாம். ஆப்ஷனைப் பார்க்காமல் நீங்கள் சொன்ன ஜோடியைக் கண்டுபிடித்துவிட்டு அப்புறம் திறந்தால், அந்த ஜோடி சேர்ந்து வருவது ஒன்றிலோ இரண்டிலோதான். இரண்டு பேர் சொன்னதும் சேர்ந்துதான் வேலை செய்கிறது. ஐயா, தங்கை ஒரு தலையங்கத்தை எவ்வளவு நேரத்தில் முடிக்கிறாள்?

திருமங்கலம்_அப்பா:
நேரம் பார்ப்பதில்லைம்மா, முதலில் புரியட்டும். தேர்வு டிசம்பரில்தானே. தீபாவளி முடிந்ததும் கடிகாரம் வைப்போம்.