‘டீகமிஷனிங்’ என்பதற்குப் ‘பணிநீக்கம்’ வேண்டாம்

வணக்கம்.

ப்ளம் புரூக் அணுவுலை பற்றிய கட்டுரையைத் தமிழாக்கும்போது ‘டீகமிஷனிங்’ (நிறுத்திய அணுவுலையைப் பிரித்து, சுத்தம் செய்து, கட்டுப்பாடுகளை விலக்கிக்கொள்ளும் வரை நடக்கும் வேலை) என்ற சொல்லில் முட்டிக்கொண்டு நிற்கிறேன் என்று போன வாரம் எழுதியிருந்தேன். பணிநீக்கம், செயல்நீக்கம், ஓய்வளிப்பு, உலைக்கலைப்பு, உலையிறக்கம் என்று ஐந்து பரிந்துரைகள் வந்தன. யாழ்ப்பாணத்து நண்பர் போகிற போக்கில் ஆறாவதாக ஒன்றைச் சொன்னார். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. ஏன் என்று சொல்வதற்கு முன் அந்த உலையின் கதையைச் சொல்லியாக வேண்டும். சொல் அந்தக் கதைக்குப் பொருந்தாவிட்டால் அகராதியில் மட்டும்தான் இருக்கும்.

அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில், ஈரி ஏரிக்கரையில் உள்ள சாண்டஸ்கி என்ற ஊருக்குப் பக்கத்தில் இருந்தது ப்ளம் புரூக். பேரே ஓர் ஓடையின் பேர். 1941இல் அங்கிருந்த உழவர்களின் நிலங்களை எடுத்துக்கொண்டு ராணுவம் வெடிமருந்து ஆலை கட்டியது. போர் முடிந்த பின் அதில் ஒரு பகுதியில் அணுவுலை வந்தது. அணு ஆற்றலால் பறக்கும் விமானம், அணு ராக்கெட் என்றெல்லாம் கனவு கண்ட காலம் அது. அவற்றுக்கு வேண்டிய உலோகங்களும் கருவிகளும் கடும் கதிர்வீச்சில் என்ன ஆகின்றன என்று பார்ப்பதுதான் உலையின் வேலை. 1961 ஜூனில் முதன்முதலாகத் தொடர்வினை நடந்தது. திறன் 60 மெகாவாட். மின்சாரம் எதுவும் எடுக்கவில்லை. 1973 ஜனவரி 5ஆம் தேதி நாசா அதை நிறுத்திவிட்டது. பணம் இல்லை, அவ்வளவுதான். எரிபொருளை எடுத்து அனுப்பிவிட்டு, பூட்டிவிட்டுப் போனார்கள். கால் நூற்றாண்டுக்கு மேல் அப்படியே கிடந்தது. 2002இல்தான் அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் பிரித்தெடுக்கும் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. உலைக் கலத்தின் உள்ளுறுப்புகளைத் தொலைவிலிருந்து இயக்கும் கருவிகளால் வெட்டி எடுத்தார்கள். கான்கிரீட்டைச் சுரண்டினார்கள், மண்ணை அள்ளினார்கள். ஓடையின் வண்டலிலும் சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள் இருப்பது தெரிந்து அங்கேயும் போய்த் தேடினார்கள். அந்தக் காலத்தில் உலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களைக் கூப்பிட்டு, எந்தக் குழாய் எங்கே போகிறது என்று கேட்டுக்கொண்டார்கள். 2012 வாக்கில் கட்டடங்கள் போய்ப் புல்தரை வந்தது.

இப்போது கேள்வி இது. 1973இலிருந்து 2012 வரை போன இந்தக் கதையில் ‘டீகமிஷனிங்’ எது?

‘பணிநீக்கம்’ என்றால் 1973 ஜனவரி 5 மட்டும்தான் நினைவுக்கு வரும். அன்று உண்மையில் பணிநீக்கம் ஆனவர்கள் ஊழியர்கள்தான், உலை அல்ல! ‘செயல்நீக்க’த்துக்கும் இதே குறை. ‘ஓய்வளிப்பு’ சொன்ன நண்பர் கப்பலை எடுத்துக்காட்டினார். ஆங்கிலச் சொல் கடற்படையிலிருந்து வந்தது என்பது சரிதான். ஐ.என்.எஸ். விராட் 2017இல் ஓய்வு பெற்றது என்றுதான் நம் செய்தித்தாள்கள் எழுதின. ஆனால் கப்பல் கதையில் வரிசை வேறு. கொடி இறக்கியதும் ‘டீகமிஷனிங்’ முடிந்துவிடுகிறது. உடைப்பது அதற்குப் பின்னால், வேறொருவர் பாடு. விராட் 2020இல்தான் உடைப்பதற்காகக் குஜராத்தின் அலாங் போனது. அணுவுலையில் நிறுத்திய பிறகுதான் ‘டீகமிஷனிங்’ தொடங்கவே தொடங்குகிறது. ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக இருப்பதால் தமிழிலும் ஒரே சொல்லாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் நமக்கு இல்லை.

‘உலையிறக்கம்’ அழகான சொல். உலை வைப்பதும் இறக்குவதும் நம் வீட்டுப் பேச்சு. ஆனால் இறக்கினால் சோறு தயார் என்று பொருள். இந்த உலையை இறக்கியபோது யார் வயிறும் நிறையவில்லை.

‘உலைக்கலைப்பு’ கொஞ்சம் நெருங்கி வருகிறது. பந்தலைப் பிரிக்கிற மாதிரி பிரிப்பது இதில் பெரிய வேலை. என்றாலும் அது பாதி வேலைதான். பன்னாட்டு அணுசக்தி முகமை தரும் வரையறையைப் பாருங்கள். ஒரு நிலையத்தின் மீதுள்ள ஒழுங்குமுறைக் கட்டுப்பாடுகளில் சிலவற்றையோ எல்லாவற்றையுமோ விலக்கிக்கொள்ள வழி செய்யும் நிர்வாக, தொழில்நுட்ப நடவடிக்கைகள் என்கிறது. உடைப்பதைப் பற்றி வரையறையில் ஒரு சொல் கூட இல்லை. கட்டடத்தை இடிக்காமல் சுத்தம் செய்து கிடங்காக வைத்துக்கொண்டாலும் அது ‘டீகமிஷனிங்’தான். இடித்துத் தரைமட்டமாக்கினாலும், மண்ணில் கதிரியக்கம் மிச்சம் இருந்து காவலும் உரிமமும் தொடர்ந்தால் வேலை முடியவில்லை.

இங்கேதான் யாழ்ப்பாணத்து நண்பர் சொன்ன ‘விடுவிப்பு’ வருகிறது. இலங்கைச் செய்திகளில் ‘காணி விடுவிப்பு’ என்று படிக்காதவர் இருக்க முடியாது. ராணுவத்தின் பிடியில் இருந்த நிலம் உரியவர்களிடம் திரும்ப வருவது. கண்ணிவெடி இருந்தால் முதலில் அதை அகற்ற வேண்டும், பிறகு துண்டு துண்டாக விடுவிப்பார்கள். வேலி, எச்சரிக்கைப் பலகை, தேடல், அகற்றல், சரிபார்ப்பு, கடைசியில் ஒப்படைப்பு. அணுவுலைத் தளத்திலும் இதே வரிசைதான். நாமாக உட்கார்ந்து யோசித்தால் இவ்வளவு பொருத்தமான சொல் கிடைத்திருக்காது. மக்கள் வாயில் ஏற்கெனவே இருக்கிறது.

அமெரிக்கக் கணக்கு ஒன்று இந்தச் சொல்லுக்குத் துணை நிற்கிறது. எந்தத் தடையும் இல்லாமல் ஓர் இடத்தை விட்டுவிட வேண்டுமானால், அங்கே மிச்சமிருக்கும் கதிரியக்கத்தால் ஒருவருக்கு ஆண்டுக்குக் கிடைக்கும் கதிர்வீச்சு 25 மில்லிரெம் என்ற அளவைத் தாண்டக்கூடாது. யார் அந்த ஒருவர்? கணக்குப் போடும்போது பெரும்பாலும் ஓர் உழவரைக் கற்பனை செய்துகொள்கிறார்கள். அவர் அந்த இடத்தில் வீடு கட்டுகிறார், கிணறு வெட்டித் தண்ணீர் குடிக்கிறார், அங்கே விளைந்ததைச் சாப்பிடுகிறார். 1941இல் உழவர்களை எழுப்பிவிட்டு எடுத்த நிலம், ஓர் உழவர் மறுபடி வந்து குடியிருக்க முடியுமா என்று பார்ப்பதில் முடிகிறது. ‘காணி விடுவிப்பு’ என்று சொல்ல இதைவிடக் காரணம் வேண்டுமா?

ஒரு திருத்தம் மட்டும். ‘உலை விடுவிப்பு’ என்று எழுதினால் உலைக்கு விடுதலை என்று படிக்கத் தோன்றும். முடியும்போது உலையே அங்கே இருக்காது. எனவே ‘உலைத்தள விடுவிப்பு’. சில கட்டுப்பாடுகள் மட்டும் விலகினால் ‘பகுதி விடுவிப்பு’.

அப்புறம், கட்டுரையின் தலைப்பிலேயே இன்னொரு கண்ணி இருக்கிறது. ‘அணுச் சோதனை உலைத் தளம்’ என்று எழுதிப் பார்த்தேன். வீட்டில் படித்துக் காட்டியதும் ‘பொக்ரானா?’ என்று கேட்டார்கள். அணுச் சோதனை என்றால் நமக்குக் குண்டுதான். இன்னொரு குழப்பமும் உண்டு. கல்பாக்கத்தில் 1985இலிருந்து இருக்கும் சோதனை ஈனுலையில் (ஈனுலை என்பது எரிபொருளை எரித்துக்கொண்டே புது எரிபொருளையும் ஆக்கும் உலை), ஈனுலை என்ற முறையையே சோதித்துப் பார்க்கிறார்கள். ப்ளம் புரூக் உலை சோதிக்கப்பட்டது அல்ல, மற்றவற்றைச் சோதித்தது. அதனால் இதற்குப் ‘பொருட்சோதனை உலை’ என்று வைக்கிறேன்.

‘மாசு’ பற்றிச் சண்டை வேண்டாம். தொட்டால் ஒட்டுகிறது, ஒட்டியவரைத் தொட்டால் அவருக்கும் ஒட்டுகிறது, எனவே ‘தீட்டு’ என்பதே சரி என்று ஒருவர் வாதாடினார். தர்க்கம் சரி. ஆனால் அந்தச் சொல்லால் மனிதர்களை ஒதுக்கிவைத்த வரலாறு நமக்குத் தெரியும், நான் தொட மாட்டேன். ‘கதிரியக்க மாசு’ போதும். அதைவிட முக்கியமானது, மாசையும் ‘ஆக்டிவேஷன்’ என்பதையும் பிரித்துக் காட்டுவது. வேட்டியில் ஒட்டிய சேறு வேறு, நூலில் ஏறிய சாயம் வேறு. குழாயின் உட்புறம் படிந்த சீசியத்தைக் கழுவலாம், சுரண்டலாம். நியூட்ரான் பட்டுப் பட்டு எஃகுக்குள்ளேயே உருவான கோபால்ட்-60ஐ எந்தச் சோப்பாலும் எடுக்க முடியாது. வெட்டித்தான் எடுக்க வேண்டும், அல்லது காத்திருக்க வேண்டும். முதலாவதற்கு ‘மாசகற்றல்’ இருக்கிறது. இரண்டாவதை ‘ஏறுகதிரியக்கம்’ என்கிறேன். ‘தூண்டு கதிரியக்கம்’ என்றும் சொல்லலாம். எனக்குச் சாயம் ஏறுவது பிடித்திருக்கிறது.

காத்திருப்பு என்றதும் மிச்சமிருப்பது ஒரு சொல். பூட்டிவிட்டுப் போன அந்தக் கால் நூற்றாண்டு வெறும் சோம்பல் அல்ல. (பணமில்லாததும் காரணம், மறைக்க வேண்டியதில்லை.) கோபால்ட்-60இன் அரைவாழ்வு, அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், சுமார் 5.3 ஆண்டு. 26 ஆண்டு போனால் ஐந்து முறை பாதியாகி 32இல் ஒரு பங்குதான் மிஞ்சும். வெட்டப் போகிறவருக்கு அது பெரிய லாபம். சீசியம்-137க்கு அரைவாழ்வு சுமார் 30 ஆண்டு, அது அதே காலத்தில் பாதியாகக்கூடக் குறையாது. அமெரிக்காவில் இப்படி வைத்திருப்பதையும் ஒரு முறையாகவே ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் ‘சேஃப்ஸ்டோர்’ என்கிறார்கள். அதைப் ‘பாதுகாப்பு இருப்பு’ என்றால் வங்கி மாதிரி இருக்கிறது. ‘ஆறப்போடல்’ என்று எழுதலாமா? சூடு தணிய விடுவது, வேலையைத் தள்ளிப்போடுவது, இரண்டும் அதில் இருக்கின்றன. அரசு ஆவணத்தில் இதைப் போட்டால் கேலி போல ஆகிவிடும் என்று கல்பாக்கத்து நண்பர் சொல்கிறார். அவர் சொல்வதும் நியாயம்தான். ‘ஆறவிடுகாலம்’ என்றால் ஒப்புவாரா என்று தெரியவில்லை.

எழுதிப் பார்த்த வாக்கியங்கள் கீழே. எங்கே தடுக்குகிறது என்று சொல்லுங்கள்.

“ப்ளம் புரூக் பொருட்சோதனை உலை 1973இல் நிறுத்தப்பட்டது. நீண்ட ஆறவிடுகாலத்துக்குப் பின், உலைத்தள விடுவிப்புத் திட்டம் 2002இல் ஒப்புதல் பெற்றது. ஏறுகதிரியக்கம் கொண்ட உள்ளுறுப்புகள் வெட்டி அகற்றப்பட்டன. சுவர்களில் மாசகற்றல் நடந்தது.”

மூன்றாவது வாக்கியத்தில் ‘கொண்ட’ எனக்கே இடறுகிறது. ‘கதிரியக்கம் ஏறிய உள்ளுறுப்புகள்’ என்று மாற்றிவிடுகிறேன்.

அன்புடன்