பள்ளி மாவட்டக் கடனுக்கு ஒரு சொல் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள்

சான் ஓசேயிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பள்ளி மாவட்டம் (இந்தப் பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) கடன் வாங்க இந்தத் தேர்தலில் வாக்காளர்களிடம் அனுமதி கேட்கிறது. குடியுரிமை வாங்கிய தாத்தா பாட்டிகளுக்காகப் பெற்றோர் குழு தமிழில் இரண்டு பக்க விளக்கம் தயாரிக்கிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். ‘ஜெனரல் ஆப்ளிகேஷன் பாண்ட்’ என்ற இடத்தில் நிற்கிறேன். ‘பொதுப் பொறுப்புக் கடன்பத்திரம்’ என்று எழுதினேன். படித்துப் பார்த்த என் மாமியார், “பொதுப் பொறுப்புன்னா யார் பொறுப்பு?” என்று கேட்டார். சரியான கேள்விதான்.

கலிஃபோர்னியாவில் இதன் பொருள் இது: கட்டடம் கட்ட, பழுது பார்க்க, நிலம் வாங்க மாவட்டம் கடன் வாங்கும். ஆசிரியர் சம்பளத்துக்கு அதைத் தொடக்கூடாது. அசலும் வட்டியும் தீரும்வரை, மாவட்டத்தில் உள்ள சொத்துகளின் மதிப்புக்கு ஏற்ப வரி போட்டுக் கவுண்டி (மாநிலத்துக்குக் கீழே உள்ள உள்ளூர் நிர்வாகம்) வசூலித்துத் தரும். 1978இல் வாக்காளர்கள் நேரடியாக வாக்களித்து ஏற்ற 13ஆம் முன்மொழிவு சொத்துவரியைச் சொத்து மதிப்பில் 1 சதவீதத்தில் நிறுத்தியது. இது அதற்கு மேலே வரும் வரி. மூன்றில் இரண்டு பங்கு வாக்கு தேவைப்பட்டதை 2000இல் 39ஆம் முன்மொழிவு 55 சதவீதமாக்கியது.

மதுரையிலிருந்து:

அம்மா, ‘பொறுப்பு’ வேண்டாம். நம்மிடம் ‘கடப்பாடு’ இருக்கிறது. “கைம்மாறு வேண்டா கடப்பாடு” என்பது குறள். ‘பொதுக் கடப்பாட்டுக் கடன்’ என்று சொல்லலாம்.

ஆனால் எழுதும்போதே எனக்கு இன்னொன்று படுகிறது. கடன், கடமை, கடப்பாடு மூன்றும் ஒரே வேர். “ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே” என்ற பொன்முடியார் பாட்டில் கடன் என்றால் செய்தாக வேண்டிய வேலை. சோழர், பாண்டியர் கல்வெட்டுகளிலோ ‘கடமை’ என்பது நிலத்தின் மேல் விழுந்த வரி. நீங்கள் சொல்லும் கடனுக்கும் நிலத்தின் மேல் வரும் வரிதானே ஆதாரம்? ஆகவே ‘கடமைக்கடன்’. பொறுப்பும் வரியும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. பள்ளிக்கும் நிலவரிக்கும் உள்ள உறவும் பழையது. சமணப் பள்ளிகளுக்கு விட்ட இறையிலி நிலம் பள்ளிச்சந்தம்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

ஐயா, பள்ளிச்சந்தத்தில் பள்ளிக்காக வரி விலக்கினார்கள். இங்கே பள்ளிக்காக வரி போடுகிறார்கள். உறவு தலைகீழாக அல்லவா இருக்கிறது? குறளும் பொருந்தவில்லை. கைம்மாறு வேண்டாத கடப்பாட்டுக்கு வட்டி ஏது?

எங்கள் பக்கம் பாண்டுக்குப் ‘பிணைமுறி’ என்ற சொல் செய்தித்தாள் வாசிக்கிற எல்லோருக்கும் தெரியும். அரசு வெளியிடும் ‘திறைசேரி முறி’யும் அப்படியே. நல்ல தமிழ்ச்சொல் புழக்கத்தில் இருக்கும்போது வடமொழிப் ‘பத்திரம்’ எதற்கு?

சென்னையிலிருந்து:

நான் தணிக்கைத் துறையில் வேலை பார்த்தவன். முறி என்றதும் இங்கே முறிந்துபோவதுதான் நினைவுக்கு வரும். பத்திரத்துக்கு நான் சொல்லும் தடை வேறு. தமிழ்நாட்டுப் பெரியவர்களுக்குப் பத்திரம் என்றால் வீட்டுப் பத்திரம். ‘பள்ளிக் கடன்பத்திரம், உங்கள் சொத்து’ என்று ஒரே பக்கத்தில் வந்தால், வீட்டை அடமானம் கேட்கிறார்கள் என்று பயப்படுவார்கள்.

இதில் வீடு ஈடு அல்ல. வரி போடும் அதிகாரம்தான் ஈடு. அதனால் ‘வரிப்பிணைக் கடன்’. சொல்லில் வரி கண்டிப்பாகத் தெரியவேண்டும். 2011இல் சான் டியேகோ பக்கம் பவே என்ற பள்ளி மாவட்டம் 10.5 கோடி டாலர் கடன் வாங்கியது. பல ஆண்டுகள் எதுவும் கட்டாமல் வட்டியைச் சேரவிடும் வகைக் கடன் என்பதால், திருப்பிக் கட்டவேண்டியது ஏறக்குறைய 100 கோடி டாலர். 2013இல் சட்டம் போட்டு, அந்த வகைக்கு மொத்தத் திருப்பிக் கட்டல் அசலைப்போல் நான்கு மடங்கைத் தாண்டக்கூடாது என்றார்கள். அப்படிப்பட்ட கடனையும் கடைசியில் தாங்குவது அந்த ஊர்ச் சொத்துவரிதான். இதை மறைக்கும் எந்தச் சொல்லும், எவ்வளவு தூய தமிழானாலும், வாக்காளருக்கு உதவாது.

சான் ஓசேயிலிருந்து:

ஐயா சொல்வது எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரே சிக்கல், 1982ஆம் ஆண்டு மெல்லோ-ரூஸ் சட்டப்படி வரும் கடனுக்கும் வரிதான் பிணை. ஆனால் அது சிறப்பு வரி. சொத்தின் மதிப்பைப் பார்த்துப் போடுவதில்லை. எங்கள் தெருவிலேயே இரண்டையும் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ‘வரிப்பிணை’ என்றால் இரண்டும் கலந்துவிடும். ‘சொத்துவரிப் பிணைக்கடன்’ என்றால்?

இன்னொன்று. வரி உச்சவரம்பை எப்படி எழுதுவது? 55 சதவீத வழியில், ஒருங்கிணைந்த மாவட்டத்துக்கு (தொடக்கப் பள்ளியும் உயர்நிலைப் பள்ளியும் சேர்த்து நடத்துவது) 1,00,000 டாலர் மதிப்புக்கு ஆண்டுக்கு 60 டாலர் என்கிறார்கள். ஆனால் அது கடன் வெளியிடும்போது போடும் மதிப்பீட்டுக்கான எல்லை. வெளியிட்டபின் கடனைக் கட்ட எவ்வளவு தேவையோ அவ்வளவு வரி போடவேண்டும் என்பதுதான் சட்டம்.

மதுரையிலிருந்து:

‘சொத்துவரிப் பிணை’யில் ப் மிகுவதால் சொத்துவரியே பிணை என்று படிக்கலாம். சேர்த்து எழுதினால் சொத்து, வரிப்பிணை என்று பிரிப்பாரும் உண்டு. அடமான பயம் திரும்ப வந்துவிடும். அப்புறம், ‘பள்ளி மாவட்டம்’ என்பதை யாரும் கேட்கவில்லையே! மாவட்டம் என்றால் ஆட்சியர் நினைவுக்கு வருவார்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

எங்களுக்குக் கல்வி வலயம், உங்களுக்குக் கல்வி மாவட்டம். இரண்டுக்கும் வரி போடும் அதிகாரமோ தேர்ந்தெடுத்த சபையோ இல்லை. கலிஃபோர்னியாவில் உள்ளதற்கு இரண்டும் உண்டு. அங்குள்ள தமிழர் ‘பள்ளி மாவட்டம்’ என்று பேசிப் பழகிவிட்டார்கள், அதை விட்டுவிடுவோம். பிணையை எடுத்துவிட்டுச் ‘சொத்துவரிப் பொறுப்புக் கடன்’ என்று போடலாம். முறியை நான் வற்புறுத்தவில்லை. ஆனால் இலங்கையில் பிறந்த பெரியவர்களுக்காக முதல் இடத்தில் மட்டும் ‘பிணைமுறி’ என்று ஒரு அடிக்குறிப்பு போடுங்கள்.

சென்னையிலிருந்து:

எனக்குச் சம்மதம். உச்சவரம்பு என்ற சொல்லையே தவிர்த்து, ‘எதிர்பார்க்கும் வரி’ என்று எழுதுங்கள். வரி இதற்கு மேலும் போகலாம் என்று அடுத்த வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

சான் ஓசேயிலிருந்து:

‘சொத்துவரிப் பொறுப்புக் கடன்’ என்றே போடுகிறேன், அடிக்குறிப்போடு. மாமியாரிடம் காட்டினேன். “அப்போ வீட்டு வரி கட்டுறவங்க பொறுப்பு” என்றார். எல்லோருக்கும் நன்றி.

மதுரையிலிருந்து:

அச்சுக்குப் போகட்டும் அம்மா, தடுக்கவில்லை. ஆனால் என் கருத்து ‘கடமைக்கடன்’தான். நாலு வருடம் பாடநூலில் இருந்தால் எந்தச் சொல்லும் பழகிவிடும். கடமை வரி என்ற பொருளில் வரும் கல்வெட்டுகளைத் தொகுத்துத் தனி மடலில் அனுப்புகிறேன். அடுத்த பதிப்புக்குள் படித்துப் பாருங்கள்.