புதுப்பிப்பு: மெட்ரோபோலிஸ் சூப்பர்மேன் சிலையைப் பார்த்தாயிற்று

அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத் தெற்கு முனையில், ஓஹியோ ஆற்றங்கரையில் இருக்கும் மெட்ரோபோலிஸுக்கு ஒரு சூப்பர்மேன் சிலைக்காக மட்டும் வண்டியைத் திருப்பலாமா என்று முன்பு கேட்டிருந்தேனே, தாராளமாகத் திருப்பலாம். நீதிமன்றத்துக்கு முன்னால் 1993-இல் வைத்த வெண்கலச் சிலை, 15 அடி உயரம், நீலமும் சிவப்புமாக வண்ணம் பூசி நிற்கிறது, அண்ணாந்து பார்த்த பிள்ளைகளை அங்கிருந்து நகர்த்தவே முடியவில்லை. கதையில் வரும் நகரத்தின் பெயரும் தங்கள் ஊர்ப்பெயரும் ஒன்று என்பதைப் பிடித்துக்கொண்டு 1972-லேயே சூப்பர்மேனின் சொந்த ஊர் என்று அறிவித்துக்கொண்டார்கள், உள்ளூர்ச் செய்தித்தாளின் பெயர்கூட, கதையில் சூப்பர்மேன் வேலை பார்க்கும் 'டெய்லி பிளானட்' பத்திரிகையைப் போல, 'பிளானட்' தான்! இவ்வளவு சின்ன ஊருக்கு எவ்வளவு ஆசை பாருங்கள், எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அப்புறம், ஆற்றோரமாக உள்ள மசாக் கோட்டைப் பூங்காவையும் விட்டுவிடாதீர்கள், 1908-இல் அதுதான் இல்லினாய்ஸின் முதல் மாநிலப் பூங்கா. கூட்டம் பிடிக்கும் என்றால் ஜூனில் போங்கள், சூப்பர்மேன் விழா அப்போதுதான்.