பந்தய ஆப்பில் கிரெடிட் கார்டு: கேஷ் அட்வான்ஸ் கட்டணம் ஏன்?

கேள்வி: அமெரிக்காவில் பந்தய ஆப்பில் கிரெடிட் கார்டு வழியாக 200 டாலர் போட்டதற்கு, ஸ்டேட்மென்ட்டில் தனியாக 10 டாலர் கட்டணமும் வட்டியும் வந்திருக்கு. ஏன்?

பதில் 1: வணிகர் வகைக் குறியீடுதான் காரணம், அதாவது பணம் எந்த வகைத் தொழிலுக்குப் போகுதுன்னு வங்கிக்குச் சொல்லும் எண். சூதாட்டத்துக்கு 7995. அதைப் பார்த்ததும் பல வங்கிகள் கார்டில் ரொக்கம் எடுத்ததாகவே (கேஷ் அட்வான்ஸ்) கணக்கில் வைக்கும். கட்டணம் பெரும்பாலும் 5 சதவீதம் அல்லது 10 டாலர், எது அதிகமோ அது. வட்டியில்லா அவகாசம் கிடையாது, அன்றைக்கே வட்டி ஓடத் தொடங்கும். பில் வரட்டும்னு காத்திருக்காதீங்க.

பதில் 2: பில்லில் உள்ள குறைந்தபட்சத் தொகையை (மினிமம்) மட்டும் கட்டினால் அது வட்டி குறைந்த பாக்கிக்குப் போகலாம். அதற்கு மேல் கட்டுவதுதான், அமெரிக்காவின் 2009 கார்டு சட்டப்படி, வட்டி அதிகமான பாக்கியில் முதலில் கழியும்.

பதில் 3: வங்கிக்கு போன் செய்து கேஷ் அட்வான்ஸ் லிமிட்டைக் குறைக்கச் சொல்லுங்க. கட்டணத் தள்ளுபடியும் கேளுங்க, சில சமயம் கிடைக்கும். இடையில் பேபால் இருந்தால் தப்பிக்கலாம்னு நம்பாதீங்க.