தோற்றுப்போன சயின்ஸ் ஃபிக்‌ஷன், திகில் படங்கள்: எந்தப் பதிப்பு, மறுபடி பார்க்கும்போது எதைக் கவனிக்கணும்?

கடைசிவரிசை

"கண்டுகொள்ளப்படாத படங்கள்" என்று பட்டியல் போடுவதற்கு இணையத்தில் பஞ்சமில்லை. பத்துப் பெயர், பத்து போஸ்டர், அவ்வளவுதான். எனக்கு வேண்டியது வேறு. படம் ஏன் கவிழ்ந்தது, இப்போது எந்தப் பதிப்பைத் தேடணும், இரண்டாம் முறை பார்க்கும்போது கண்ணும் காதும் எங்கே இருக்கணும், இந்த மூன்றையும் சொல்லுங்கள்.

"தி திங்", "பிளேடு ரன்னர்" வேண்டாம். 1982 ஜூன் 25 அன்று ஒரே நாளில் வெளியாகி இரண்டுமே அடி வாங்கியவைதான். ஆனால் இன்றைக்கு அவற்றைப் புகழாத ஆள் இல்லை. மெதுவாக நகரும் படம் என்றாலும் சரி, ரத்தம் என்றாலும் சரி. முடிவை மட்டும் உடைக்காதீர்கள். நடுவில் உடைத்தால் முன்கூட்டியே எச்சரித்துவிடுங்கள்.

இன்னொன்று. இந்த வகைப் படங்களில் பாதி இருட்டிலேயே நடக்கிறது. டிவியில் அந்த இருட்டு கறுப்பாக இல்லாமல் சாம்பல் கட்டங்களாக நெளிகிறது. அதற்கு என்ன செய்வது?

சுருள்பெட்டி

முதல் ஓட்டு "டார்க் சிட்டி"க்கு (1998, அலெக்ஸ் ப்ரோயாஸ்). திரையரங்கப் பதிப்பின் தலையிலேயே ஒரு பின்னணிக் குரல் வந்து, படம் ஒரு மணி நேரத்துக்குப் பொத்திப் பொத்தி வைத்திருக்கும் ரகசியத்தை ஒரே நிமிடத்தில் போட்டு உடைத்துவிடும். பார்வையாளருக்குப் புரியாது என்ற பயத்தில் ஒட்டவைத்த குரல் அது. 2008இல் வந்த இயக்குநர் பதிப்பில் அதைத் தூக்கிவிட்டார்கள். திரையரங்கப் பதிப்பு சுமார் 100 நிமிடம், இயக்குநர் பதிப்பு 111.

பழைய பதிப்புதான் கைக்குக் கிடைக்கிறது என்றால் ஒரு வழி இருக்கிறது. படம் தொடங்கியதும் ஒலியை முழுதாக அணைத்துவிடுங்கள். கீஃபர் சதர்லாந்து சட்டைப்பைக் கடிகாரத்தை எடுத்துப் பார்க்கும் இடம் வந்ததும் திறந்துகொள்ளுங்கள். இழப்பு ஒன்றும் இல்லை. படத்தை முன்பே பார்த்தவர்களும் இப்படி ஒருமுறை பார்க்கலாம், நாயகனைப் போலவே ஒன்றும் தெரியாமல் குளியல்தொட்டியில் கண்விழிப்பீர்கள். அப்புறம் சுருள் வடிவம் எங்கெல்லாம் வருகிறது என்று எண்ணிக்கொண்டே போங்கள்.

இரண்டாவது "எக்ஸார்சிஸ்ட் 3" (1990). மூல நாவலை எழுதிய வில்லியம் பீட்டர் பிளாட்டியே தன் "லீஜியன்" நாவலை எடுத்து இயக்கியது. இரண்டாம் பாகம் வாங்கிய கெட்ட பெயரால் இதை யாரும் மதிக்கவில்லை. போதாக்குறைக்கு, தலைப்பில் பேயோட்டல் இருக்கும்போது படத்தில் இல்லாவிட்டால் எப்படி என்று தயாரிப்புத் தரப்பு கேட்டு, ஒரு பாதிரியார் பாத்திரத்தையும் கடைசிக் களேபரத்தையும் மறுபடி படம்பிடிக்க வைத்தது. முதல் பாகத்தில் நடித்த ஜேசன் மில்லரை அழைத்துவந்ததும் அந்தக் கட்டத்தில்தான். அதற்கு முன் மனநலப் பிரிவின் பூட்டிய அறைக் காட்சிகள் முழுக்க பிராட் டூரிஃப் ஒருவரே நடித்தவை.

எல்லாரும் பேசுகிற மருத்துவமனை நடைபாதைக் காட்சியைப் பாருங்கள். கேமரா நடைபாதையின் ஒரு கோடியில் நட்டு வைத்தது மாதிரி நிற்கிறது. தூரத்தில் செவிலியர் மேசை. இசை கிடையாது. செவிலியர் ஓர் அறைக்குள் போகிறார், அங்கே தம்ளரில் ஐஸ் விரிசல் விடும் சத்தத்துக்கு நாம் தூக்கிவாரிப்போட்டு அடங்குகிறோம். அங்கேதான் ஏமாற்று வேலை. பயம் தீர்ந்தது என்று உடம்பு தளர்ந்த பிறகும் அதே தூரக் காட்சி நீண்டுகொண்டே போகிறது. காவலர்கள் வருகிறார்கள், போகிறார்கள். வெட்டு வராததால் கண் தானாகவே சட்டத்தின் (ஃபிரேமின்) மூலைகளைத் துழாவ ஆரம்பிக்கிறது. பிறகு வருவது இரண்டே நொடி. தனியாக யூடியூபில் அந்தத் துண்டை மட்டும் பார்த்தவர்கள் "இதுக்கா இவ்வளவு பேச்சு" என்பார்கள். அதற்கு முன்னால் அரை மணி நேரம் வெறும் பேச்சாக ஓடியிருந்தால்தான் அது வேலை செய்யும். குளியல்தொட்டியில் நீந்தும் மீனைப் பற்றி ஜார்ஜ் ஸ்காட் புலம்புவதைக் கேட்டுச் சிரித்த கையோடு பார்க்கணும்.

இயக்குநர் பதிப்பு 2016இல் வந்தது. மூலப் பிலிம் கிடைக்காத இடங்களில் வீடியோ டேப்பில் இருந்த படப்பிடிப்பின் தினசரிப் பதிவுகளை வைத்து ஒட்டியிருக்கிறார்கள். படத்தரம் திடீர் திடீரென்று குப்புற விழும். ஆகவே இங்கே என் பேச்சு தலைகீழ்: முதலில் திரையரங்கப் பதிப்பு, பிடித்திருந்தால் மற்றது.

அரைநொடி

சுருள்பெட்டி சொன்ன நிமிடக் கணக்கில் ஒரு சிக்கல். பழைய பி.ஏ.எல். (இந்தியா, ஐரோப்பாவின் பழைய டிவி முறை) டிவிடிகளில் நொடிக்கு 24 சட்டம் ஓட வேண்டியது 25 ஓடும். 100 நிமிடப் படம் 96இல் முடிந்துவிடும். யாரும் வெட்டவில்லை, வேகம்தான் 4 சதவீதம் கூடுதல். ஒலியைச் சரிசெய்யாத தட்டுகளில் குரல்களும் கொஞ்சம் கீச்சென்று ஏறியிருக்கும். நிமிடம் குறைகிறதே என்று பதிப்பைக் குறை சொல்வதற்கு முன் இதைக் கழித்துப் பாருங்கள்.

இன்னொரு சோதனை, சட்டத்தின் அகலம். உயரத்தைப்போல 2.35 மடங்கு அகலத்தில் எடுத்த படத்தைப் பழைய 4:3 டிவிக்கு நறுக்கினால் படத்தில் ஏறக்குறைய 43 சதவீதம் காணாமல் போகும். ஜான் கார்பென்டரின் "பிரின்ஸ் ஆஃப் டார்க்னஸ்" (1987) படத்தை அப்படி நறுக்கிய பிரதியில் பார்த்துவிட்டு "ஒன்றுமே நடக்கவில்லை" என்பது நியாயமில்லை. அவர் ஆட்களை அகலச் சட்டத்தின் விளிம்புகளில் நிறுத்துகிறவர். நடந்ததெல்லாம் வெட்டிப்போட்ட பக்கத்தில் இருந்திருக்கும்.

ஆறுமணிநேரம்

"பிரைமர்" (2004, ஷேன் கரூத்). 77 நிமிடம், 7,000 டாலர், சூப்பர் 16 பிலிம், அந்த ஆண்டின் சண்டான்ஸ் திரைப்பட விழாப் பெரும்பரிசு. பரிசு வாங்கிய படத்தைக் கண்டுகொள்ளாத படம் என்கிறாயே என்று கேட்கலாம். "புரியாத படம்" என்று முத்திரை குத்தி அலமாரியில் வைத்துவிட்டார்களே, அதைச் சொல்கிறேன். புரியும். காலத்தில் பின்னோக்கிப் போக உதவும் பெட்டியின் விதி ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும்.

பெட்டியை காலை 9 மணிக்கு இயக்குகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாலை 3 மணிக்கு உள்ளே போகிறோம். உள்ளே 6 மணி நேரம் உட்கார்ந்தால், வெளியே வரும்போது காலை 9. பின்னோக்கிப் போகும் ஒவ்வொரு மணிக்கும் ஒரு மணி நேரம் விலையாகக் கொடுத்தாக வேண்டும், தாவல் கிடையாது. பெட்டி இயங்கத் தொடங்கிய நேரத்துக்கு முன்னால் போகவும் முடியாது. இதனால்தான் பெட்டியைச் செய்த நாயகர்கள் இரண்டு பேரும் அந்த 6 மணி நேரம் ஓட்டல் அறையில் அடைந்து கிடக்கிறார்கள், ஏற்கெனவே வெளியே வந்து உலவுகிற தங்களோடு மோதாமல் இருக்க. டைமரை 15 நிமிடம் தாமதமாக வைப்பதும் அதற்குத்தான். இயக்கிவிட்டு இடத்தைவிட்டு நகர அவகாசம் வேண்டுமே.

இப்போது கூட்டிப் பாருங்கள். காலை 9 முதல் 3 வரை 6, பெட்டிக்குள் 6, மறுபடி காலை 9லிருந்து மறுநாள் 9 வரை 24. நாட்காட்டியில் ஒரு நாள், உடம்புக்கு 36 மணி. அவர்கள் கையெழுத்து கோணல்மாணலாகப் போவதும் காதில் ரத்தம் வருவதும் ஏன் என்று அடுத்த முறை கேள்வியே வராது.

பெட்டி செய்யும் காட்சிகளையும் விடாதீர்கள். செம்புக் குழாய்க்கு ஃப்ரிட்ஜ், பல்லேடியம் உலோகத்துக்கு காரின் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் (புகையைச் சுத்தப்படுத்தும் பாகம்). கராஜில் கிடக்கும் சாமானைக் கழற்றித்தான் வேலை நடக்கிறது. மினுக்கும் விளக்கு எதுவும் இல்லை.

எச்சரிக்கை, நடுப்பகுதி உடைகிறது: தொடக்கத்தில் பூங்கா பெஞ்ச் உரையாடலில், இருவரில் ஒருவனான ஏரன் காதில் என்ன மாட்டியிருக்கிறான், அதற்கு என்ன காரணம் சொல்கிறான் என்று பாருங்கள். பிறகு அவன் பதில் சொல்லும் வேகத்தையும் கவனியுங்கள். ஏற்கெனவே ஒருமுறை நடந்த பேச்சு.

கடைசிவரிசை

36 மணிக் கணக்கு இப்போதுதான் உறைக்கிறது. ஒரு சந்தேகம். 3 மணிக்குப் பெட்டிக்குள் போக வேண்டியவன் போகாமல் இருந்துவிட்டால்?

ஆறுமணிநேரம்

அங்கேதான் கதையே. காலையில் வெளியே வந்தவன் வந்தவன்தான், மறைய மாட்டான். போக வேண்டியவனும் போகவில்லை. ஆக, இனி ஊரில் இரண்டு பேர். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு கடைசி 20 நிமிடத்தைப் பாருங்கள். இன்னொரு குறிப்பும்: ஒரு பெட்டியை மடித்து இன்னொரு பெட்டிக்குள் எடுத்துப்போகலாம். நாலு நாளாக ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியில் ஏறினால் நாலு நாள் உள்ளே கிடந்தாக வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

நிழல்பக்கம்

சாம்பல் கட்டக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லலையே.

சாதாரண 8 பிட் வீடியோவில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான். இருட்டுக் காட்சி முழுவதும் அதன் அடிமட்டத்தில் ஒரு சில படிகளுக்குள்ளேயே அடங்கிவிடும். ஸ்ட்ரீமிங்கில் தரவைச் சுருக்கும்போது முதலில் அந்த நுணுக்கத்தைத்தான் தூக்கி எறிவார்கள். பக்கத்துப் பக்கத்துப் படிகள் ஒன்றாகி, கட்டம் கட்டமாக நெளியும். இதை டிவியில் சரிசெய்ய முடியாது, தட்டு அல்லது நல்ல பிட்ரேட் (நொடிக்கு வரும் தரவின் அளவு) உள்ள பிரதிதான் வழி.

கறுப்பே சாம்பலாகத் தெரிந்தால் அது வேறு நோய். வீடியோ சிக்னலில் கறுப்பு 16, வெள்ளை 235. கணினி சிக்னலில் 0, 255. பிளேயர் முதல் வகையை அனுப்பி, டிவி இரண்டாம் வகையை எதிர்பார்த்தால் 16 என்பது சாம்பலாக வரும். இது தலைகீழாக மாறிப்போனால் நிழலெல்லாம் மையாகிவிடும். எச்.டி.எம்.ஐ. பிளாக் லெவல் அமைப்பை இரண்டு பக்கமும் ஒன்றாக வையுங்கள்.

அப்புறம் சினிமா மோடு. மோஷன் ஸ்மூத்திங், டைனமிக் கான்ட்ராஸ்ட், நாய்ஸ் ரிடக்‌ஷன் மூன்றையும் அணையுங்கள். அறை விளக்கை அணைத்து, படத்தின் மேலும் கீழும் உள்ள கறுப்புப் பட்டைகளைப் பார்த்துக்கொண்டே பிரைட்னஸை ஏற்றுங்கள். பட்டை வெளுக்க ஆரம்பிக்கும் இடத்தில் நிறுத்தி ஒரு புள்ளி இறக்குங்கள். முடிந்தது.

இதைச் செய்த பிறகு பார்க்க வேண்டியது "கைரோ" (2001, கியோஷி குரோசாவா). 2006இல் வந்த அமெரிக்க மறு ஆக்கத்தைப் பார்த்துவிட்டு இதை ஒதுக்கியவர்கள் ஏராளம். சிவப்பு டேப் ஒட்டிய கதவுகளுக்குப் பின்னால் இருக்கும் அறைகள் கறுப்பு அல்ல, சகதி நிறத்தில் ஒரு மங்கல். சுவரில் கறை எது, ஆள் எது என்று தெரியாத அளவுக்கு நெருக்கமான நிறங்கள். டைனமிக் கான்ட்ராஸ்ட் இயங்கினால் டிவி இரண்டையும் பிரித்துக் காட்டி, படத்தின் வேலையைக் கெடுத்துவிடும். ஒரு பெண் உருவம் நம்மை நோக்கி நடந்துவரும் காட்சி இருக்கிறது. பாய்வதில்லை, அலறுவதில்லை. நடக்கும்போது ஓரிடத்தில் கால் மடங்கி உடம்பு சரிந்து, மெல்ல நிமிர்ந்து, மறுபடி நடக்கிறது. மனித உடம்பு விழ வேண்டிய கோணத்தில் விழாமல் நிற்பதுதான் அங்கே பயம். மோஷன் ஸ்மூத்திங் போட்டிருந்தால் அது தொலைக்காட்சித் தொடரில் யாரோ வழுக்கியது போல் ஆகிவிடும்.

"லேக் முங்கோ" (2008, ஜோயல் ஆண்டர்சன்) இதற்கு நேர் எதிர். செல்போன் பதிவு, வீட்டு வீடியோ என்று வேண்டுமென்றே மட்டமான படத்தரம். அதைக் கூர்மையாக்கும் எந்த வித்தையும் வேண்டாம். முடிவில் பெயர்கள் ஓடும்போது அணைத்துவிடாதீர்கள், அதில் வரும் பழைய படங்களில் பின்னால் இருப்பதைப் பாருங்கள். இதற்கு மேல் சொல்லமாட்டேன்.

எறும்புப்புற்று

"ஃபேஸ் ஃபோர்" (1974). பட டைட்டில்களுக்குப் பேர்போன சால் பாஸ் இயக்கிய ஒரே முழுநீளப் படம். ராட்சத எறும்பு வந்து ஆளைத் தின்னும் என்று நினைத்துப் போனவர்கள் ஏமாந்தார்கள். இதில் எறும்பு எறும்பளவுதான். கென் மிடில்ஹாம் எடுத்த நுண்காட்சிகளில் நடிப்பது உண்மையான எறும்புகள்.

ஒரு காட்சி போதும். விஞ்ஞானிகள் மஞ்சள் விஷத்தைத் தெளித்துவிட்டார்கள். ஓர் எறும்பு அதில் ஒரு துணுக்கை இழுத்துக்கொண்டு போகிறது, வழியில் சாகிறது. அடுத்தது வந்து அதை வாங்கிக்கொள்கிறது, அதுவும் சாகிறது. அப்புறம் இன்னொன்று. இப்படியே கைமாறிக் கைமாறி துணுக்கு ராணியிடம் போய்ச் சேருகிறது. ராணி அதைத் தின்று, விஷத்துக்கு அசையாத புதுத் தலைமுறையை ஈனுகிறது. வசனம் இல்லை, விளக்கம் இல்லை. மனிதர்கள் பேசும் காட்சிகளைவிட இதில் அறிவு அதிகம் தெரிகிறது (மனித வசனங்கள் சுமார்தான், மறைக்க வேண்டாம்).

இயக்குநர் எடுத்த நீண்ட கனவுத் தொகுப்பு முடிவை வெளியீட்டின்போது வெட்டிவிட்டார்கள். 2012இல் அது மறுபடி கிடைத்தது. பின்னாளில் வந்த சில ப்ளூ-ரே பதிப்புகளில் சேர்த்திருக்கிறார்கள். முதலில் வெட்டிய வடிவத்தை 84 நிமிடமும் பார்த்துவிட்டு, பிறகு அந்த முடிவைத் தனியாகப் போடுங்கள்.

கூடவே "செஷன் 9" (2001, பிராட் ஆண்டர்சன்). ஆரம்பகால டிஜிட்டல் எச்.டி. கேமராவில் எடுத்தது. டிவி படம் போல இருக்கிறது என்று தள்ளிவிட்டார்கள். களம் மாசசூசெட்ஸின் டான்வர்ஸ் மனநல மருத்துவமனை. செட் இல்லை, 1878இல் திறந்த கட்டடமேதான். 2006இல் பெரும்பகுதியை இடித்துவிட்டதால் இனி அப்படி எடுக்கவும் முடியாது. இது காதால் பார்க்க வேண்டிய படம், ஹெட்ஃபோன் போடுங்கள். பழைய சிகிச்சை ஒலிநாடாக்கள் ஓடும்போது குரல் அந்த அறையிலேயே நிற்காமல் வேறு காட்சிகளின் மேல் படரும். எந்த வரி எந்த முகத்தின் மேல் விழுகிறது என்று இரண்டாம் முறை குறித்துக்கொண்டே வாருங்கள். விடை முன்கூட்டியே சொல்லப்பட்டிருக்கும்.

திருகாணி

தமிழில் ஒன்று: "யாவரும் நலம்" (2009, விக்ரம் குமார்). "டிவி பேய்ப் படம்" என்று சுருக்கிவிட்டோம். பாதிப் படத்துக்கு அதில் பேய் கிடையாது. லிஃப்ட் மற்றவர்களுக்கு வேலை செய்யும், மாதவனுக்குச் செய்யாது. வீட்டுக்குள் செல்போனில் எடுத்தால் அவர் முகம் மட்டும் கோணலாக விழும். மறுமுறை பார்க்கும்போது எது எல்லாருக்கும் நடக்கிறது, எது அவருக்கு மட்டும் நடக்கிறது என்று இரண்டாகப் பிரித்துக்கொண்டே போங்கள்.

"ஈவன்ட் ஹொரைசன்" (1997) பெயரை யாராவது கட்டாயம் எடுப்பீர்கள், அதனால் முந்திக்கொள்கிறேன். 6 கோடி டாலர் செலவு, அமெரிக்காவில் வசூல் அதில் பாதிகூட இல்லை. அவசர அவசரமாக எடிட்டிங் முடித்ததும், முதல் வெட்டிலிருந்து அரை மணி நேரத்துக்கு மேல் தூக்கியதும் உண்மை. "அந்த முழுப் பதிப்பு வந்தால் பாருங்கள்" என்று சொல்லிக்கொண்டே இருப்பவர்களிடம்தான் எனக்குத் தகராறு. வெட்டிய பிலிமைக் கெட்ட நிலையில்தான் கண்டெடுத்தார்கள், அது வரப்போவதில்லை. இருப்பதை வைத்துப் பேசுங்கள். படத்தில் வரும் விண்கப்பலின் வடிவமைப்புக்கு மூலம் பாரிஸின் நோத்ர் டாம் தேவாலயம். தூண்களையும் வளைவுகளையும் தேடிக்கொண்டு முதல் ஒரு மணி நேரம் பாருங்கள், அருமை. கடைசி அரை மணி நேரம் கைகலப்பு, அதை எந்தப் பதிப்பும் காப்பாற்றாது.

சுருள்பெட்டி

கைகலப்பு சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கப்பலின் வீடியோ பதிவு வரும் இடத்தை ஒருமுறை நிறுத்தி நிறுத்தி, சட்டம் சட்டமாகப் பாருங்கள் திருகாணி. சில நொடிதான் ஓடுகிறது. வெட்டிய அரை மணி நேரத்தில் என்ன இருந்தது என்பதற்கான சாட்சி அதற்குள்ளேயே ஒளிந்திருக்கிறது.