லா பால்மாவில் தங்க இடம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

எல் சால்வடாரின் லா பால்மாவில் நாளை மறுநாள் முதல் நான்கு இரவுக்குப் போட்டிருந்த அறை நேற்று ரத்தாகிவிட்டது. குழாய் உடைந்து அறை முழுக்கத் தண்ணீராம். பணம் திரும்ப வந்துவிட்டது, ஆனால் தங்க இடமில்லை. நானும் அம்மாவும் இப்போது சான் சால்வடாரில் இருக்கிறோம். அம்மாவுக்கு வயது 64, முழங்கால் வலி.

செயலிகளில் தேடினால் வருவதெல்லாம் ஊரைவிட்டுத் தள்ளி மலைமேல் இருக்கிறது. எங்களிடம் கார் இல்லை. இரண்டு விடுதிகளுக்கு ஸ்பானிஷில் வாட்ஸ்அப் அனுப்பினேன், பதில் இல்லை. காலையில் பஸ்ஸில் போய் மாலையே திரும்பலாம்தான். ஆனால் ஒரே நாளில் அவ்வளவு மலைப்பாதை அம்மாவுக்கு ஆகாது.

அம்மா ஓவிய ஆசிரியையாக இருந்தவர். 1972-இல் அங்கே குடியேறிய ஓவியர் ஃபெர்னாண்டோ யோர்ட் ஊராருக்குக் கற்றுக்கொடுத்த ஓவியப் பாணியைப் பட்டறையிலேயே உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பது அவருடைய பல வருட ஆசை. கோபினோல் என்ற மரத்தின் விதையில் வரைவார்கள்; அதன் பழுப்புத் தோலைத் தேய்த்தால் உள்ளே வெளுப்பாகத் தெரியும். அந்தச் சின்ன இடத்துக்குள் ஒரு வீடு, ஒரு பறவை, ஒரு சூரியன். நேற்றுச் சந்தையில் ஒன்றை வாங்கிக் கையிலேயே வைத்திருக்கிறார்.

ஊருக்குள்ளேயே, பட்டறைகளுக்கு நடந்து போகிற தூரத்தில், இரவுக்கு 45 டாலருக்குள் தரைத்தள அறை தரும் வீடோ விடுதியோ யாருக்காவது தெரியுமா?