கைண்ட் ஆஃப் ப்ளூ கேட்டாச்சு, அடுத்து எதைக் கேக்கலாம்?

தம்புரா_சுருதி:
எல்லாருக்கும் வணக்கம். நான் சின்ன வயசுலேர்ந்து கர்நாடக சங்கீதம் மட்டும் கேட்டு வளர்ந்தவ, ஜாஸ் இப்பத்தான் ஒரு மூணு மாசமா. ட்ரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸோட கைண்ட் ஆஃப் ப்ளூ ஆல்பம் தினமும் ராத்திரி ஓடுது, முதல் பாட்டு சோ வாட் கேட்டப்போ இது கரகரப்ரியா ராகத்தோட ஸ்வரமாச்சேன்னு தூக்கிவாரிப் போட்டுது, கமகமே இல்லாம அதே ஏழு ஸ்வரம், அப்புறம் நடுவுல எட்டு பார் (நம்ம ஆவர்த்தனம் மாதிரி) மட்டும் மொத்தமா அரை ஸ்வரம் மேல ஏறிட்டு திரும்ப இறங்கிடறாங்க. ஆனா ட்ரம்பெட்டும் சாக்ஸும்தான் காதுல விழுது, பின்னாடி பேஸும் (கீழ் ஸ்தாயில ஒலிக்கற பெரிய தந்தி வாத்தியம்) பியானோவும் என்ன பண்ணுதுன்னு பிடிபடல. அடுத்து எதைக் கேக்கலாம்? படிக்க புக் ஏதாவது?

பழைய_ரெக்கார்ட்:
கரகரப்ரியா சரியா பிடிச்சீங்க! பேஸ் கேக்கணும்னா எனக்கு ஒரே பதில்தான், சண்டே அட் த வில்லேஜ் வான்கார்ட்னு ஒரு லைவ் ஆல்பம். நீங்க கேக்கற ஆல்பத்துல ஒரு பாட்டு தவிர மத்ததுல பியானோ வாசிக்கற பில் எவன்ஸ்தான் இங்கயும், கூட ட்ரம்ஸ்ல பால் மோஷியன், பேஸ்ல ஸ்காட் லஃபேரோ. 1961 ஜூன் 25, நியூயார்க்ல வில்லேஜ் வான்கார்ட் கிளப்ல ஒரே நாள்ல அஞ்சு செட் (இடைவெளி விட்டு அஞ்சு தடவை) வாசிச்சிருக்காங்க. லஃபேரோ தாளத்துக்கு முட்டுக் குடுத்துட்டு நிக்கறதே இல்ல, பியானோவோட பேசிட்டே இருப்பார், கச்சேரில நல்ல வயலின்காரர் பாடகர் விட்ட இடத்துலேர்ந்து எடுப்பாரே அந்த மாதிரி. முதல் பாட்டு குளோரியாஸ் ஸ்டெப் அவர் போட்டதுதான். ஹெட்போன் போட்டு, முதல் தடவை பியானோவை மறந்துட்டு பேஸ் மட்டும் ஃபாலோ பண்ணுங்க. பின்னாடி கிளாஸ் சத்தம், ஆளுங்க பேசறது எல்லாம் கேக்கும். இது முடிஞ்சு பதினோரு நாள்ல லஃபேரோ கார் விபத்துல போயிட்டார், வயசு 25. எவன்ஸ் பல மாசம் கச்சேரியே பண்ணல. இதைத் தெரிஞ்சுகிட்டு கேட்டா அந்தக் கடைசி பாட்டு ஜேட் விஷன்ஸ் தாங்கவே முடியாது, அதுவும் லஃபேரோ போட்டது.

மங்க்_பைத்தியம்:
நல்ல சாய்ஸ், ஆனா ரொம்ப மென்மை, நான் மங்க் கிட்டதான் அனுப்புவேன். பியானோ வாசிக்கற தெலோனியஸ் மங்க்கும் சாக்ஸ் வாசிக்கற ஜான் கோல்ட்ரேனும் 1957 நவம்பர் 29 கார்னகி ஹால்ல வாசிச்சதை வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா ரேடியோ பதிவு பண்ணி வச்சிருந்தாங்க, அந்த டேப் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ்ல யாரும் கவனிக்காம கிடந்து 2005லதான் கண்ணுல பட்டுது, அதே வருஷம் ப்ளூ நோட் கம்பெனி ஆல்பமா போட்டாங்க. மங்க் ஒரு ஸ்வரத்தை விட்டு இடம் கொடுப்பார், கோல்ட்ரேன் அந்த இடத்துல மழை மாதிரி கொட்டுவார். புக்குக்கு ராபின் கெல்லி எழுதின மங்க் வாழ்க்கை வரலாறு (2009). பெரிய புக்கு, மெதுவா படிங்க. 1951ல போலீஸ் அவரோட கேபரே கார்டைப் (கிளப்ல வாசிக்கறதுக்கான லைசென்ஸ்) பிடுங்கினதால ஆறு வருஷம் நியூயார்க் கிளப்ல வாசிக்க முடியாம அவர் பட்ட பாடு எல்லாம் அதுல இருக்கு.

பழைய_ரெக்கார்ட்:
ஆமா அந்த புக் அருமை. கைண்ட் ஆஃப் ப்ளூ பத்தியே ஆஷ்லி கான் எழுதினதும் இருக்கு (2000), அதை முதல்ல படிங்க, சின்னது. இன்னொண்ணு, அந்த ஆல்பத்தோட பழைய பிரஸ்ஸிங் (அந்தக் காலத்துல அச்சடிச்ச ரெக்கார்ட்) வாங்காதீங்க, அதோட முதல் சைடு டேப் மெஷின் கோளாறால கொஞ்சம் வேகமா, சுருதி ஏறித்தான் பல வருஷம் வித்துது, 1992க்கு அப்புறம்தான் சரி பண்ணாங்க. சுருதி காது உள்ளவங்களுக்கு அது உறுத்தும்.

தம்புரா_சுருதி:
நேத்து ராத்திரி குளோரியாஸ் ஸ்டெப் மட்டும் ஏழு தடவை கேட்டேன். மூணாவது தடவைலதான் பேஸ் தனியா பிரிஞ்சு வந்துது, அப்புறம் அதை மட்டும்தான் கேட்டேன். மங்க் நாளைக்கு.